வளவும் வயிறும்

வரலாறு என்றதும் அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் நினைவுக்கு வருமாறே நாம் படித்தோம். பெரும்பாலும் அவ்வாறே இன்றும் படிப்பித்து வருகின்றோம். ஆயின் வீட்டுக் கோடியில் நிற்கும் முருங்கைக்கும், கிணற்றடி வாழைக்கும், வேலியிற் படரும் முசுட்டைக்கும் வரலாறு உண்டு என்பதை எம்மிற் பலர் சிந்திப்பதில்லை. அவ்வரலாற்றிலும் சட்டங்கள் உண்டு, யுத்தங்கள் உண்டு, நிலமுடையோரும் நிலமற்றோரும் உண்டு. வீட்டுத்தோட்டம் என்பது ஓய்வு வேளைப் பொழுதுபோக்கென எண்ணுவோர், அது இந்நாட்டு அரசியலோடு எத்துணை நெருங்கிய தொடர்புடையது என்பதை அறிந்தால் வியப்படைவர்.

இவ்வெண்ணம் எமக்கு நூலகத்தில் உதித்ததன்று. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசாங்கம் தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ச்சியுற்று, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டிருந்தது. அரிசியும் மாவும் எரிபொருளும் அரிதாகிய 2022 யூன் மாதத்தில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை வழங்க அமைச்சரவை இணங்கிற்று. 'வீடுதோறும் பயிரிடுவோம்' என்ற குரல் எங்கும் ஒலித்தது. நாமும் அக்குரலுக்குச் செவிசாய்த்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் வீட்டில் ஐந்து மிளகாய்க் கன்றுகள் நட்டு, அவற்றின் வளர்ச்சியைக் குறிப்பேட்டில் எழுதிவரவேண்டும் எனப் பணித்தோம். கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சேர், நாங்கள் இருக்கிறது வேற ஆக்களின்ர காணியிலை. கண்டு நட்டால் அவை பிடுங்கச் சொல்லுவினம்" என்றாள்.

வகுப்பிலே சிறிதுநேரம் எவரும் பேசவில்லை. நாம் ஆயத்தம் செய்து சென்ற பாடக்குறிப்பில் அக்கேள்விக்கு விடை இருக்கவில்லை. அவ்விடையைத் தேடியபோது எழுந்தவையே ஈண்டுக் கூறப்படுபவை.

யாழ்ப்பாணத்து வளவை முதலில் நோக்குவோம். ஆறில்லாத சுண்ணக்கல் நிலம் இது. பெய்யும் மழை கல்லின் துளைகளினூடே இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின்மீது நன்னீராக மிதந்து நிற்கும். அதனைக் கிணற்றால் எடுத்தே குடியும் பயிரும் நடைபெற வேண்டும். தமிழகத்துப் பழமொழி ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும். இங்கோ ஆடியிலே சோளகக் காற்று மண்ணை உலர்த்திக்கொண்டிருக்கும். ஐப்பசியிலேதான் வானம் இரங்கும். எனவே வளவின் நாட்காட்டி வடகீழ்ப் பருவமழையை ஒட்டி அமைந்தது. புரட்டாதியில் நிலத்தைக் கொத்திக் குப்பை பரப்புவர். மழை தொடங்கியதும் பயற்றையும் பாகலும் புடலும் பூசணியும் ஊன்றப்படும். பந்தற் கால்கள் நாட்டப்படும். கார்த்திகை மார்கழியிலே கீரைகள் தாமாகவே முளைத்து வேலியோரம் எங்கும் பசுமை பரப்பும். மழை ஓய்ந்தபின் கத்தரியும் மிளகாயும் தக்காளியும் நாற்றுப் பெயர்த்து நடப்படும். கோடைக்கு மரவள்ளியும் முருங்கையும் துணைநிற்கும். சித்திரை வைகாசியில் நட்ட இராசவள்ளி அடுத்த தை அளவில் கிழங்கு தரும். ஆடி ஆவணியில் விழும் பனம்பழத்தின் விதைகளைப் பாத்தியிட்டு அடுக்கினால், மார்கழி தையிலே பனங்கிழங்கு கிண்டலாம். அதனை அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். அவியாது காயவைத்தால் ஒடியல். அடுத்த பஞ்ச காலத்துக்கு இவை கூழாகும்.

வேலியும் வெறும் எல்லையன்று. பூவரசும் கிளுவையும் முள்முருங்கையும் கதியால்களாக நின்று, ஆண்டுதோறும் குழை தந்தன. அக்குழையை மண்ணிலே தாழ்த்தி, ஆட்டெருவும் மாட்டெருவும் இட்டு, செம்பாட்டு மண்ணை வளம் குன்றாமற் காத்தனர். குளித்த நீர் வாழைக்கும், அரிசி கழுவிய நீர் கீரைப்பாத்திக்கும் சென்றது. நீரிலே ஒரு துளியையும் வீணாக்காத இந்த ஒழுங்கை வகுத்தவர் எவரெனக் கேட்பின், பெரும்பாலும் பெண்களே என விடை கூறவேண்டும். அடுத்த பட்டத்துக்கான பூசணி விதையைச் சாம்பலிற் பிரட்டி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டவரும், அயல்வீட்டுக்கு ஒரு பிடி விதை கொடுத்து மறுபிடி வாங்கியவரும் அவர்களே. வயலுக்கு உறுதி உண்டு, வரி உண்டு, கணக்கு உண்டு. அதனால் வயலின் வரலாறு ஏடேறியது. கோடிப்புறத்துக் கீரைப்பாத்திக்குக் கணக்கெழுதியவர் எவருமில்லை.

எனினும் இவ்வளவைப் பொற்காலமாகச் சித்திரித்துப் பெருமிதங்கொள்ளும் வழக்கத்துக்கு நாம் உடன்பட முடியாது. இருவகையில் அச்சித்திரம் பிழையானது.

முதலாவதாக, 'தொன்றுதொட்டு' என நாம் சொல்லும் பயிர்களுட் பல தொன்மையானவையல்ல. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. அதற்குமுன் எம்மவர் கறிக்கு உறைப்பேற்றியது மிளகே. பப்பாசியும் தக்காளியும் வற்றாளையும் அக்கண்டத்தவையே. ஏழையின் கிழங்கெனப் பெயர்பெற்ற மரவள்ளியும் தென்னமெரிக்காவிற் பிறந்தது. ஒல்லாந்தர் காலத்திலே, 1786 அளவில் மொரீசியசிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே வளவு என்பது மாறாத மரபின் காட்சிச்சாலையன்று. உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த விதைகளை ஏற்று, பரீட்சித்து, தன்வயமாக்கிய உழைப்பாளரின் அறிவுக்களம் அது.

இரண்டாவதாக, அந்த வளவு யாருடையது என்ற வினா உண்டு. ஒல்லாந்த ஆட்சியில் 1707 ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமையைப் புரட்டினால், காணியும் தோட்டமும் சீதனமும் பற்றிய விதிகளோடு அடிமைகளைப் பற்றிய பகுதியும் அங்கே காணப்படும். 1844 இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அடிமையாயிருந்தவனுக்குக் காணி கொடுக்கப்படவில்லை. அவன் பழைய எசமானின் காணி மூலையிலேயே குடிசை கட்டியிருந்தான். துலா மிதித்தவன் அவன். பாத்தி கட்டியவன் அவன். அவன் மனைவி களை பிடுங்கினாள். எனினும் அவர்கள் இறைத்த கிணற்றிலேயே அவர்கள் தம் கையால் நீர் அள்ளுவதற்குத் தடை இருந்தது. பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற தலைமுறை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், அறுபதுகளிலே தேநீர்க்கடை வாயில்களிலும் கோயில் வாயில்களிலும் நிகழ்ந்த போராட்டங்களும் பல கதவுகளைத் திறந்தன. காணியின் படலை மட்டும் அவ்வளவு எளிதிலே திறக்கவில்லை. எமது மாணவியின் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு இவ்வரலாறே விளக்கம் தரும்.

இது வடக்கின் கதை. மலைநாட்டின் கதையோ வேறு வகையானது. ஆயினும் முடிவில் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலிலே அந்நாட்டுக் கிழங்குகளையும் பழங்களையும் இலைக்கறிகளையும் விரிவாக விவரித்துள்ளார். பலாவும் ஈரப்பலாவும் கமுகும் மிளகுக்கொடியும் அடுக்கடுக்காக வளரும் கண்டித் தோட்டங்களை இன்றைய ஆய்வாளரும் பாராட்டுகின்றனர். கிராமத்தவனின் வாழ்வு வயல், வீட்டுத்தோட்டம், சேனை என்னும் மூன்றிலும் தங்கியிருந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் மூன்றாவதை முறித்தது. காடாயும் தரிசாயும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம், மறுதலையாக நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்குரியதென அது கூறிற்று. எழுத்துறுதியின்றித் தலைமுறைகளாய்ச் சேனை செய்தவன் எதைக்கொண்டு நிரூபிப்பான்? அந்நிலங்களிலே கோப்பியும், 1869 இலே தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலையும் நடப்பட்டன.

அத்தேயிலையை நடுவதற்கும் கொய்வதற்கும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்குக் கிடைத்த வீடு எது? பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பரா. ஆயிரக்கணக்கான ஏக்கரிலே பயிர்செய்த மக்களுக்குத் தமக்கெனப் பயிர்செய்ய நிலமிருக்கவில்லை. லயத்தின் பின்னால், கானோரத்தில், ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்திலே அவர்கள் பீன்சும் பூசணியும் கொத்தமல்லியும் போட்டனர். அதுவும் துரையின் மனமுவந்த அனுமதியிலே தங்கியது. தேயிலையே நடவேண்டும் எனத் துரை நினைத்தால் பாத்தி மறைந்துவிடும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபின், குடியேற்றத் திட்டங்களில் அரச காணி பெறும் வழியும் அடைபட்டது.

இச்சந்தர்ப்பத்தில் எம்மை ஆண்டவரின் சொந்த நாட்டை ஒருகணம் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. இங்கிலாந்திலும் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டுக் குடியானவர் துரத்தப்பட்டனர். ஆனால் அங்கே நீண்ட கிளர்ச்சியின் பயனாக, கேட்கும் தொழிலாளிக்குப் பயிரிடத் துண்டு நிலம் ஒதுக்குவது உள்ளூராட்சி மன்றங்களின் கடமையென 1908 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இரண்டாவது உலகப் போரின்போது, வெற்றிக்காக நிலத்தைக் கொத்துமாறு மக்களை அழைத்த பிரித்தானிய அரசு, இலண்டன் ஹைட் பூங்காவின் ஒரு பகுதியையும் காய்கறிப் பாத்திகளாக்க இடமளித்தது. மண்வெட்டியைத் தூக்கச் சொன்னபோது கொத்துவதற்கு மண்ணையும் காட்டினார்கள் என்பது மனங்கொளத்தக்கது.

அதே போர் இலங்கையில் என்ன செய்தது? போருக்கு முன் இந்நாட்டுக்குத் தேவையான அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல்கடந்து வந்தது. அதிற் பெரும்பங்கு பர்மாவினது. ஏற்றுமதிக்குத் தேயிலையும் இறப்பரும் தெங்கும். உண்பதற்கு இறக்குமதி அரிசி: இதுவே குடியேற்றநாட்டுப் பொருளாதாரத்தின் சூத்திரம். 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அரிசிக் கப்பல் நின்றது; கூப்பனும் பங்கீடும் வந்தன; கோதுமை மாவும் பாணும் நாட்டுப்புற வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. கூடுதலாக உணவு பயிரிடுமாறு அரசாங்கம் மக்களை அழைத்தது. ஒரு நூற்றாண்டாகக் கிராமத்தவனின் சேனையைக் குற்றமெனக் கருதிய அரசு, இப்போது அவன் மண்வெட்டியைத் தேசபக்தியின் சின்னமாக்கிற்று.

போர் முடிந்தது. பழைய சூத்திரம் முடியவில்லை. 1953 இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாயின, ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். வீட்டுத்தோட்டத்தைப் பற்றி உபதேசித்தோருக்கு அன்று மக்கள் அளித்த விடை, உழைப்பவன் சோறு கேட்பது பிச்சையன்று என்பதாகும். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. எனினும் அது நெல்வயலைப் பற்றியது. குடியிருக்கும் மண்ணைப் பற்றியதன்று.

எழுபதுகளின் அனுபவம் மேலும் சிக்கலானது. 1970 இல் ஆட்சிக்கு வந்த கூட்டரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அதனால் முன்னெப்போதும் காணாத வருமானம் கண்டனர். துலா ஓய்ந்து நீரிறைக்கும் இயந்திரம் ஒலித்தது, கோடிப்புறம் வரை மிளகாய் ஏறியது, கல்வீடுகள் எழுந்தன. உள்ளூர் உற்பத்திக்குப் பாதுகாப்பளித்தால் உழவன் தலைநிமிர்வான் என்பதற்கு இது சான்றாகும். ஆனால் அதே ஆண்டுகளில், 1973-74 இலே, பங்கீடு குறைந்து மாவின் விலை ஏறியபோது மலையகத் தோட்டங்களிலே மக்கள் பட்டினியால் மடிந்தனர். 1974 இல் அங்கு இறப்புவீதம் திடீரென உயர்ந்தது. கிராமத்தவனுக்கு ஒரு பலாமரமேனும் இருந்தது. சந்திக்கு வந்து ஒரு கட்டு மரவள்ளியேனும் பெற வழியிருந்தது. லயத்தவனுக்கு அதுவுமில்லை. 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தம் நடந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. உடைமையாளர் மாறினர், லயக் காம்பரா மாறவில்லை.

பசியாலும் இனவன்செயலாலும் துரத்தப்பட்ட அக்குடும்பங்களிற் பல வன்னிக்கு வந்தன. அங்கே அவர்களுட் பலர் வடக்குத் தமிழரின் மிளகாய்த் தோட்டங்களிலே கூலிகளாயினர். இனத்தால் ஒன்று, மொழியால் ஒன்று எனப் பேசும் நாம், காணியின் முன் இருவேறாய் நின்றோம் என்பதை ஒளிக்காமற் சொல்லுதல் வேண்டும்.

1977 இன்பின் இறக்குமதிக் கதவு திறந்தது. உள்ளூர் மிளகாயும் வெங்காயமும் சந்தையிலே தள்ளாடின. அதன்பின் யுத்தம். 1990 இலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உரமும் எரிபொருளும் சவர்க்காரமும் தடைப்பட்டன. இயந்திரங்கள் நின்றன, ஜாம் போத்தலில் விளக்கெரிந்தது. இரசாயன உரத்துக்குப் பழகிய மண்ணுக்கு மீண்டும் குழையும் எருவும் தேடினர். முருங்கையிலையும் மரவள்ளியும் ஒடியற் கூழும் பல உயிர்களைக் காத்தன. பாட்டிமாரின் அறிவு எத்தகைய செல்வம் என்பதை அந்நாட்கள் உணர்த்தின. ஆனால் அந்த அறிவும் நிலத்தை விட்டு அகலாதவருக்கே பயன்பட்டது. வலிகாமம் வடக்கிலே 1990 இல் வளவை விட்டோடியோர் நலன்புரி முகாமின் கொட்டில்களில் எந்த மண்ணிலே பயற்றை ஊன்றுவர்? யுத்தம் 2009 இல் முடிந்தபின் அக்காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன, முழுவதும் மீளவில்லை. மீண்டவற்றிலும் கிணறு தூர்ந்திருந்தது, வேலி இருந்த இடம் தெரியவில்லை, பூவரசு இல்லை.

இவ்வளவையும் கூர்ந்து நோக்குமிடத்து ஒரு செய்தி புலனாகும். நெருக்கடி வரும்போதெல்லாம் ஆள்வோர் மக்களைக் கோடிப்புறத்துக்கு அனுப்புகின்றனர். 1942 இலும் அனுப்பினர். 2022 இலும் அனுப்பினர். வீட்டுத்தோட்டத்துக்கு மண் வேண்டும், நீர் வேண்டும், நேரம் வேண்டும். 2022 இன் வெள்ளிக்கிழமை விடுமுறை அரச ஊழியருக்கு நேரத்தைத் தந்தது. அவருட் பலருக்கு மண்ணும் நீரும் ஏற்கெனவே இருந்தன. நாட்கூலிக்குச் செல்பவருக்கு அந்த வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அன்று அவர் வீட்டில் அடுப்பெரிந்திராது. அந்த நெருக்கடியிலே உணவின்றி மிகவும் வாடியவர் தோட்டப்புற மக்களே என்பதும் தற்செயலன்று.

ஆதலால் வீட்டுத்தோட்டத்தை வேண்டாமென்பது எமது கருத்தன்று. அதனை மெய்யாகவே வேண்டுவோர் அதற்குரிய நிலத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதே எமது கருத்து. மலையகக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் அண்மைக் காலத்திலே தொடங்கப்பட்டது. பத்துப் பேர்ச் சேர்ந்ததே எம் ஊர்க் கணக்கில் ஒரு பரப்பு. வீடு எழுந்தபின் ஏழு பேர்ச்சிலே எஞ்சுவது எவ்வளவு? அதற்கும் உறுதி கைக்கு வந்து சேராத குடும்பங்கள் எத்தனை? யாழ்ப்பாணத்தில் வெளிநாடு சென்றோரின் வளவுகள் பற்றை மண்டிக் கிடக்க, அவற்றின் அயலிலேயே ஒரு குடிசைக்கு மேல் மண்ணில்லாதோர் வாழ்கின்றனர். கோயிற் காணிகளும் பொதுக் காணிகளும் உள்ளன. ஒரு பட்டத்துக்கேனும் அவற்றிலே கொத்த இடமளிப்பது இயலாத காரியமன்று. ஆசிரியரும் மாணவரும் தம் ஊரிலே இதனைக் கேட்கத் தொடங்கலாம்.

அம்மாணவிக்கு நாம் அன்று செய்யக்கூடியதாயிருந்தது சிறிது. பாடசாலையின் பின்மதிலோரம் ஒரு பாத்தி வெட்டி, காணியில்லாத பிள்ளைகள் அங்கே நடலாமென்றோம். அவளோடு மேலும் ஆறுபேர் முன்வந்தனர். அறுவரும் அதுவரை வாய்திறவாதிருந்தவர்கள். சின்னாட்களில் எரிபொருள் இன்மையாற் பாடசாலை மூடப்பட்டது. மீண்டும் திறந்தபின் அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். கடைசிப் பக்கத்தில் இவ்வாறு எழுதியிருந்தாள்: "பள்ளிக்கூடம் பூட்டின நாள்களிலை படலை திறக்கேல்லை. மதிலுக்கு வெளியிலை நிண்டு வாளியாலை தண்ணி எறிஞ்சன். ரெண்டு கண்டு பட்டுப்போச்சு. மூண்டு காய்ச்சுது."

வளர்ச்சியை எழுதிவருமாறு நாம் பணித்திருந்தோம். அவள் எழுதியதற்கு முழுப் புள்ளி வழங்கினோம். கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கடன்பட்டிருக்கின்றோம்.